அப்பா கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், அம்மா மறுக்கிறார். யார் பேச்சு நடக்க வேண்டும்?

செங்காந்தள்:
சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அப்பாவுக்கு 81 வயது. இதயம் ரொம்பவும் தளர்ந்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா எப்போதோ கண் தானத்துக்குப் பதிவு செய்தவர். அந்த அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார், கல்யாண வீட்டில்கூட நாலு பேரிடம் எடுத்துக் காட்டுவார். போன வாரம் அம்மாவிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். "நான் இருக்கிற வரைக்கும் அவர் மேல யாரும் கத்தி வைக்க விடமாட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தம்பி அம்மா பக்கம். அம்மாவை இந்த நேரத்தில் வதைக்காதே அக்கா என்கிறான்.

அட்டை இருந்தால் அம்மா சம்மதம் இல்லாமலே நடத்த முடியுமா? முடியும் என்றாலும், நடத்தலாமா?

எதிர்க்கட்சி:
முதல் கேள்விக்கு வக்கீல் யாராவது பதில் சொல்லட்டும். ரெண்டாவதுக்கு நான் சொல்றேன்: கூடாது. போனவருக்கு எதுவும் தெரியப் போறதில்ல. இருக்கிறவங்கதான் அந்த ராத்திரிய ஆயுசுக்கும் சுமக்கணும். அம்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷி வேண்டாம்னா வேண்டாம்தான். பெயர்ல 'எதிர்க்கட்சி'னு இருக்கிறதால சொல்லல, நிஜமாவே நம்புறேன்.

தாமரைக்குளம்:
எதிர்க்கட்சி அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. அந்த அப்பா வீட்டை மகளுக்கு எழுதி வைத்திருந்தால், "இருக்கிறவங்க மனசு நோகுது" என்று உயிலைக் கிழித்துவிடலாமா? ஒரு எழுத்து மாற்ற மாட்டோம். பத்திரம், பட்டா என்றால் போனவர் வாக்கு வேதம். கண் என்றால் மட்டும் "அவருக்கு என்ன தெரியப் போகுது".

எங்கள் மாமியார் பேப்பரில் கையெழுத்தெல்லாம் போடவில்லை. என்னிடம் சொன்னார், என் வீட்டுக்காரரிடம் சொன்னார், பேத்தியிடமும் சொன்னார். அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்து இறங்கிய பெரியவர்கள் "அதெல்லாம் வேண்டாம்" என்றார்கள். மருமகள் பேச்சு எடுபடவில்லை. நாங்கள் போனை எடுத்து வைத்ததோடு சரி, எண்ணை அழுத்தவில்லை. வேண்டாம் என்று சொன்னவர்கள் மறுநாளே கிளம்பிவிட்டார்கள். அந்த வீட்டில் மிச்சம் இருப்பது நாங்கள். எனவே 'இருக்கிறவர்கள் சுமக்கணும்' என்பது இரண்டு பக்கமும் வெட்டும்.

எதிர்க்கட்சி:
வீடு சொத்து. உடம்பு சொத்தா? அதுவும் இல்லாம, உயில் எழுதினா படிக்கிறதுக்கு நாள் இருக்கு, கோர்ட் இருக்கு, வாய்தா இருக்கு. இங்க சில மணி நேரம்தான். அழுதுகிட்டு இருக்கிறவங்ககிட்ட பேனாவ நீட்டுறது எனக்கு உறுத்துது. அதுதான் என் மேட்டர்.

சட்டப்புத்தகம்:
முதல் கேள்விக்கு வருகிறேன். நாட்டுக்கு நாடு வேறு.

இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம்தான் அடிப்படை. இறந்தவர் உயிரோடு இருந்தபோது எழுத்தில், இரண்டு பேராவது சாட்சியாக, அதில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருந்து கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், உடலைப் பொறுப்பில் வைத்திருப்பவர் டாக்டருக்கு வேண்டிய வசதி செய்து கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் பின்னால் மனம் மாறினார் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் விலக்கு. எழுதிக் கொடுக்காமல், மறுப்பும் சொல்லாமல் போயிருந்தால் கதை வேறு: உடலுக்குப் பொறுப்பானவர் சம்மதிக்கலாம், ஆனால் நெருங்கிய உறவினர் யாருக்காவது ஆட்சேபம் இருப்பது தெரிந்தால் முடியாது. தாமரைக்குளம் சொன்ன மாமியார் இந்த இரண்டாவது வகை.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் 2006ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம் இன்னும் கறாரானது. வயது வந்தவர் பதிவு செய்துவிட்டால், அதைக் குடும்பம் ரத்து செய்ய முடியாது. இங்கிலாந்தில் 2020 மே 20 முதல் மறுப்பைப் பதிவு செய்யாதவர்கள் சம்மதித்ததாகவே கொள்ளப்படுகிறார்கள், வேல்ஸில் அது 2015 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஆனாலும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசாமல் அங்கே யாரும் கைவைப்பதில்லை.

செங்காந்தள், உங்கள் அப்பாவின் படிவத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது யார் என்று ஒருமுறை பாருங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

இரவுப்பணி:
நான் கண் வங்கியில் டெக்னீஷியன். வீடுகளுக்குப் போய்க் கண் எடுக்கிற ஆளே நான்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்புத்தகம் சார் சொன்னது சரி. ஆனால் சட்டப்படி வாசலில் போய் நின்று "வழிவிடுங்கள்" என்று சொன்ன கண் வங்கியை நான் பார்த்ததில்லை. வீட்டில் ஒருவர் வேண்டும் என்கிறார், இன்னொருவர் கதறுகிறார் என்றால் பெட்டியைத் திறக்க மாட்டோம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிப் பார்ப்போம். தெளியவில்லை என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். ஒரு வீட்டில் சண்டை போட்டு எடுத்தால் அந்தத் தெருவில் அடுத்த பத்து வருடத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இன்னொன்று. அட்டை எங்களுக்கு போன் செய்யாது. பதிவு செய்தவர் கண் மூடியது எங்களுக்குத் தெரியவே வழியில்லை. வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால்தான் உண்டு. அட்டை பீரோவில் பத்திரமாக இருந்து, காரியமெல்லாம் முடிந்தபிறகு கிடைத்த வீடுகள் எத்தனையோ. அட்டையே இல்லாமல், "எங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்று மகன் கூப்பிட்டுப் போன வீடுகளும் எத்தனையோ. உண்மையில் கண் கொடுப்பவர் அந்த நேரத்தில் போனை எடுப்பவர்தான்.

வந்து என்ன செய்வோம் என்பது பலருக்குத் தெரியாது, பயமே பாதி அங்கேதான். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் வர வேண்டும், முன்னால் வந்தால் இன்னும் நல்லது. இறப்பை உறுதி செய்த டாக்டரின் சான்றைப் பார்ப்போம். என்ன நோய், என்ன மருந்து என்று கேட்போம். உறவினர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து. பிறகு ஒரு அறையில் வெளிச்சத்தோடு அரை மணி நேரம்கூட ஆகாது. பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுப்போம், எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் இருக்கிறதா என்று பார்க்க. பெரும்பாலும் கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியாவை மட்டும், சுற்றியுள்ள வெள்ளை விளிம்போடு வட்டமாக எடுக்கிறோம். சில இடங்களில் முழு விழியையும் எடுப்பார்கள். எப்படியானாலும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் மூடி வைத்து இமையை மூடிவிடுவோம். தூங்குகிற முகம் அப்படியே இருக்கும்.

செங்காந்தள் அக்காவுக்கு ஒன்று மறைக்காமல் சொல்லணும். அப்பா இதய நோயாளி என்கிறீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில சமயம் லேசான கசிவோ இமை வீக்கமோ வரலாம். முன்னாடியே சொல்லிவிட்டால் நாங்கள் கூடுதல் நேரம் அழுத்திப் பிடித்து, பஞ்சு வைத்து, சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். ஒரு சொட்டுக்கூட வராது என்று யாராவது உங்கள் அம்மாவிடம் சத்தியம் செய்தால் அது நல்லதில்லை.

எதிர்க்கட்சி:
சரி, இவ்வளவு நேர்மையா எழுதுறீங்க, அதனால கேக்கிறேன். கண்ண வித்துடறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு இருக்கே? அப்புறம், எடுத்ததெல்லாம் வைக்கிறதில்ல, பாதி குப்பைக்குப் போகுதுன்னும் சொல்றாங்க.

இரவுப்பணி:
விற்க, வாங்கச் சட்டம் இடம் தராது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனி எண் உண்டு. யார் எடுத்தார், எப்போது எடுத்தார், எங்கே போனது என்று பதிவேட்டில் இருக்கும். கார்னியா என்ன தங்கமா, லாக்கரில் வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருக்க? கார்னியாவைக் கெடாமல் வைக்க 1974ல் வந்த எம்.கே. திரவத்தில் சுமார் நான்கு நாள் தாங்கும், பிறகு வந்த ஆப்டிசாலில் இரண்டு வாரம் வரை. பரிசோதனைக்கும் திரவத்துக்கும் ஆகிற செலவை அறுவைச் சிகிச்சைக் கட்டணத்தில் சேர்க்கிற இடங்கள் உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் 'கண்ணுக்குக் காசு' என்று கதை கிளம்புகிறது. கொடுத்த குடும்பத்துக்கு ஒரு பைசா தரவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம்.

இரண்டாவது கேள்வி நியாயமானது. எடுத்ததெல்லாம் வைப்பதில்லை, உண்மைதான். கார்னியாவின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காகச் செல்கள் இருக்கின்றன, எண்டோதீலியம் என்பார்கள். உள்ளே நீர் தேங்காமல் வெளியேற்றித் தெளிவாக வைத்திருப்பது அவைதான். செத்தால் மறுபடி முளைக்காது. மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணுவோம். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2000க்குக் கீழே போனால் பெரும்பாலும் பார்வைக்கான மாற்றுக்குக் கொடுப்பதில்லை. அப்படிப்பட்டவை குப்பைக்குப் போவதில்லை. குடும்பம் சம்மதித்திருந்தால் ஆராய்ச்சிக்கும், புதிய டாக்டர்கள் கை பழகவும் போகும். அதையும் படிவத்தில் கேட்போம்.

சில நேரம் வீட்டில் செய்கிற சின்னத் தவறும் கெடுக்கும். இமை பாதி திறந்திருக்க, மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். நாங்கள் போவதற்குள் கார்னியா காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்துங்கள், ஏசி இருந்தால் போடுங்கள், இமையை மூடி மேலே ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்துங்கள். இதைச் செய்து வைத்திருக்கும் வீட்டுக்குள் நுழைந்தாலே நமக்குத் தெரிந்துவிடும், இங்கே யாரோ முன்பே யோசித்திருக்கிறார்கள் என்று.

வெள்ளிக்கிழமை:
எனக்கு அந்த வருத்தம் உண்டு. சித்தப்பா கண்ணைக் கொடுத்தோம், 'பார்வைக்குப் பயன்படுத்த முடியவில்லை, ஆராய்ச்சிக்கு அனுப்பினோம்' என்று கடிதம் வந்தது. சித்தி அதை மடித்து வைத்துவிட்டார், யாரிடமும் காட்டவில்லை. விசாரித்த எல்லோரிடமும் "இரண்டு பேருக்குப் பார்வை வந்தது" என்றே சொல்கிறார். நானும் திருத்தவில்லை.

தாமரைக்குளம்:
திருத்தாதீர்கள்.

இரவுப்பணி:
திருத்த வேண்டாம் சார். ஆனால் அந்தச் சித்தியிடம் முதல் நாளே "எல்லாக் கண்ணும் பொருந்துவதில்லை" என்று எங்களைப் போன்ற யாரோ ஒருவர் சொல்லியிருக்கணும்.

ஒற்றைச்சாளரம்:
பல நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா என்று தயக்கம். நான் வாங்கிக்கொண்டவன்.

செடி ஒன்றின் கிளை வலது கண்ணில் அடித்தது. சாதாரணக் கீறல் என்று கடைச் சொட்டு மருந்து விட்டேன், அது பூஞ்சைத் தொற்றாகி வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. அதன் வழியாகப் பார்த்தால் பால் ஊற்றிய கண்ணாடி. கார்னியா மாற்றினார்கள். முடியைவிட மெல்லிய நைலானில் சுற்றிலும் 16 தையல். கட்டு அவிழ்த்ததும் உலகம் பளிச்சென்று தெரியும் என்று சினிமா பார்த்து நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. முதலில் மங்கலாக, அலையலையாகத்தான் தெரிந்தது. தையல் ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்ணாடி எண் நிலைத்து, ஓரளவு தெளிவாகச் சுமார் ஒன்றரை வருடம் ஆயிற்று. இன்றும் ஸ்டீராய்டு சொட்டு விடுகிறேன். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ அன்றைக்கே ஓட வேண்டும், உடம்பு அந்தக் கார்னியாவை 'இது நம்முடையது இல்லை' என்று கண்டுகொண்டதற்கான அறிகுறி அது.

யாருடைய கண் என்று கேட்டேன். சொல்ல மாட்டார்கள், அதுதான் விதி. அப்போது கோபம் வந்தது. இப்போது பரவாயில்லை. வயசா, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. கொடுத்த வீட்டில் எதிர்க்கட்சி அண்ணன் மாதிரி ஒருவர் இருந்திருப்பார், அவரையும் யாரோ சமாளித்திருப்பார்கள் என்று மட்டும் தோன்றும்.

எதிர்க்கட்சி:
😀 அடி பலமா விழுந்துச்சு தம்பி. கண் நல்லா இருக்கட்டும்.

வரலாற்றுப்பித்தன்:
'எதிர்க்கட்சி' அண்ணனுக்காக ஒரு பழைய கதை. முதன்முதலில் நிலைத்த கார்னியா மாற்று 1905 டிசம்பர் 7ஆம் தேதி, இன்றைய செக் நாட்டின் ஓலமோட்ஸ் நகரில், எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர் செய்தது. சுண்ணாம்பில் இரண்டு கண்ணும் வெந்துபோன ஒரு தொழிலாளிக்கு. கொடுத்தது இறந்தவர் அல்ல. இரும்புத் துணுக்குப் பாய்ந்து கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்ட 11 வயதுச் சிறுவன். அப்படியென்றால் அடுத்த நோயாளிக்கு இன்னொரு விபத்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டும். உக்ரைனின் ஒடெசாவில் ஃபிலாடோவ் என்ற கண் டாக்டர் 1930களில் இறந்தவர் கார்னியாவும் பிடிக்கும் என்று காட்டிய பிறகுதான் வழி திறந்தது. கார்னியாவில் ரத்தக் குழாய் கிடையாது, காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் மூச்சு வாங்குகிற திசு. அதனால்தான் இதயம் நின்றபிறகும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது, ரத்த வகை பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. 1944ல் நியூயார்க்கில் டவுன்லி பேட்டன் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். அடுத்த வருடமே சென்னையில் டாக்டர் முத்தையா தொடங்கிவிட்டார்.

ஆனால் குடும்பங்கள் என்று வந்தால் எனக்கு நினைவு வருவது இலங்கையின் டாக்டர் ஹட்சன் சில்வா. கண் கொடுங்கள் என்று எழுதியும் பேசியும் திரிந்தவர். 1960ல் தன் தாய் இறந்தபோது அவர் கார்னியாவைத் தானே எடுத்து ஒரு ஏழை விவசாயிக்குப் பொருத்தினார். மறு வருடம் கண் தானச் சங்கம். 1964ல் சிங்கப்பூருக்கு அனுப்பத் தொடங்கி, இன்று அந்தச் சின்னத் தீவு எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்புகிறது. ஊருக்கு உபதேசம் செய்தவர் வீட்டில் சாவு விழுந்தபோது என்ன செய்தார் என்பதைத்தான் ஜனங்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடலோரம்:
கன்னட நடிகர் ராஜ்குமார் குடும்பத்தையும் சேர்த்துக்கோங்க. 2006ல் அவர் கண், 2017ல் மனைவி பார்வதம்மா கண். 2021 அக்டோபர் 29ல மகன் புனீத் 46 வயசுல திடீர்னு போனப்ப, வெளியில கூட்டம் கட்டுக்கடங்காம இருக்கு, அந்த நேரத்துலயும் குடும்பம் கண்ணைக் கொடுத்துட்டாங்க. ரெண்டு கார்னியாவ முன்னடுக்கு, பின்னடுக்குன்னு பிரிச்சு நாலு பேருக்கு வச்சாங்க. அப்பா அம்மா செஞ்சதைப் பார்த்த வீடு, அதனால யோசிக்கவே வேண்டி வரலைன்னு நினைக்கிறேன்.

மலைச்சாரல்:
நம்ம கண்ணப்பர் செய்யாததா? சாமிக்கே கண் கொடுத்தவர் பரம்பரை நாம். இதுக்கு மறுப்புச் சொல்றவங்கள என்ன சொல்ல!

நெறியாளர்:
மலைச்சாரல், மறுப்பவர்களைக் குறை சொல்லும் வேலை இந்த இழையில் வேண்டாம். அவரவர் துக்கம் அவரவருக்கு. மதச் சண்டைக்குத் திரும்பிய இரண்டு பதிவுகளை நீக்கிவிட்டேன்.

இரவுப்பணி:
சிரிப்புக்குச் சொல்கிறேன், கண்ணப்பரை நாங்கள் ஏற்றுக்கொண்டிருக்க முடியாது. உயிரோடு இருப்பவரிடமிருந்து கண் தானம் வாங்குவதில்லை. "என் ஒரு கண்ணை என் பிள்ளைக்கு வையுங்கள்" என்று கேட்கிற அம்மாக்கள் வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதுதான் இந்த வேலையிலேயே கஷ்டம்.

தடம்:
ஸ்கிரீன் ரீடரில் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும். எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை படிப்படியாகப் போய், இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். கார்னியா மாற்றினால் எனக்குப் பார்வை வராது. முழுக் கண்ணை மாற்றினாலும் வராது. பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேல் இழைகள், அறுந்ததை ஒட்ட வழியில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில் முகத்தோடு சேர்த்து ஒரு முழுக் கண்ணை வைத்தார்கள். கண்ணில் ரத்தம் ஓடியது, பார்வை வரவில்லை.

ஆனால் என் கார்னியா சுத்தமாக இருக்கிறது. டாக்டரிடம் கேட்டுப் பதிவு செய்துவிட்டேன். வீட்டில் அண்ணிக்கு நம்பிக்கை வரவில்லை. "உனக்கே தெரியாத கண்ணு யாருக்குடா தெரியும்" என்றார். கேமரா கெட்டுப்போனாலும் முன்னால் இருக்கிற கண்ணாடி நல்லாத்தான் இருக்கு அண்ணி என்றேன். அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் என் கண் தானத்தைப் பற்றி அவரே பேசுகிறார், நான் பேச வாய்ப்பே இல்லை.

செங்காந்தள்:
எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயம் நடந்தது, எழுதிவிடுகிறேன்.

சட்டப்புத்தகம் சார் சொன்னதால் அப்பாவின் படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். சாட்சிக் கையெழுத்து அப்பாவின் நண்பர் ஒருவருடையதும், காலமாகிவிட்ட பெரியப்பாவுடையதும். அம்மாவுடையது இல்லை. அதை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போவதுபோல் போகாமல், "உங்களை அப்பா கேட்கவே இல்லையா அம்மா?" என்றேன். அம்மா வெடித்துவிட்டார். "ஊரெல்லாம் சொன்னார். மேடையில சொன்னார். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட சொன்னார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? அட்டை வந்தப்புறம் காட்டினார்."

இத்தனை வருடக் கோபம். கத்தி, காயம் எல்லாம் அதன் மேல் போர்த்திய துணி. பிறகு அம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எடுத்தபிறகு முகத்தைப் பார்க்க விடுவார்களா? இரவுப்பணி எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், மாத்திரை, கசிவு எல்லாவற்றையும் சேர்த்து. கசிவு பற்றிப் படித்தபோதுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். பொய் சொல்லும் ஆட்கள் இதைச் சொல்ல மாட்டார்களே.

சம்மதித்துவிட்டாரா என்றால், இல்லை. "அவர் என்னைக் கேட்கட்டும், நான் சொல்றேன்" என்கிறார். அப்பா தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து இருவரையும் தனியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

தாமரைக்குளம்:
வெளியே வந்துவிடுங்கள் தங்கச்சி. கதவையும் சாத்திவிடுங்கள்.

எதிர்க்கட்சி:
நான் சொன்னதுல பாதி நிக்குது பார்த்தீங்களா? அந்த அம்மாவ மீறி நடத்தியிருந்தா அந்தக் கோபம் உங்க மேல திரும்பியிருக்கும். மீதி பாதிய வாபஸ் வாங்கல. அவங்க கேட்டப்புறமும் வேண்டாம்னா விட்டுடணும்.

தாமரைக்குளம்:
அப்போதும் நான் ஒப்ப மாட்டேன். 2016ல் வெளியான ஒரு உலகளாவிய ஆய்வு பல நாடுகளைக் கணக்கெடுத்தது. சுமார் 1 கோடியே 27 லட்சம் பேர் கார்னியாவுக்காகக் காத்திருக்கிறார்கள், 70 பேருக்கு ஒன்றுதான் கிடைக்கிறது என்றது. அந்த வரிசையில் நிற்பவர்களுக்கும் அம்மா உண்டு அண்ணா.

எதிர்க்கட்சி:
கணக்கு சரிதான். ஆனா 70 பேரோட பாரத்த ஒரு கிழவி தலையில அந்த ராத்திரியில வைக்கிறது சரியில்லங்கிறேன். அந்தப் பாரம் நேத்தே பேசாம விட்ட நம்ம எல்லார் தலையிலும் இருக்கணும். இதுல நம்ம ரெண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம், விடுங்க.

சட்டப்புத்தகம்:
பிரிட்டனில் ஒரு வேடிக்கை உண்டு. இதயம், சிறுநீரகம் எல்லாம் தருகிறேன் என்று பதிவு செய்பவர்களில், கண்ணை மட்டும் வேண்டாம் என்று விலக்குபவர்கள் கணிசம். உள்ளே இருக்கும் உறுப்பை நாம் யாரும் பார்த்ததில்லை. கண்ணைத்தான் வாழ்நாளெல்லாம் பார்த்துப் பேசியிருக்கிறோம். அந்த அம்மா முகத்தைப் பற்றிக் கேட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சுண்டெலி:
இழை திசைமாறினா மன்னிக்கணும். நான் கண்ணாடிய விடறதுக்காக லேசிக்னு லேசர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன், வயசு 29. நான் கொடுக்க முடியுமா? என் பாட்டிக்கு சர்க்கரை, பிரஷர், கண்புரை ஆபரேஷன் எல்லாம் ஆச்சு, அவங்களும் கொடுக்கிறேன்னு குதிக்கிறாங்க.

இரவுப்பணி:
பாட்டி தாராளமாகக் குதிக்கலாம். சர்க்கரை, பிரஷர், கண்ணாடி, கண்புரை ஆபரேஷன் எதுவும் தடையில்லை. வயதுக்கு மேல்வரம்பு வைத்திருக்கும் வங்கிகள் சில உண்டு, அதைக் கூப்பிடும்போது அவர்கள் சொல்வார்கள். நீங்களே முடிவு செய்து கூப்பிடாமல் விட்டுவிடாதீர்கள். உங்கள் கண்ணில் லேசிக் முன்பக்கத்தைச் சீவியிருப்பதால் முழுத் தடிமன் மாற்றுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பின்னடுக்கு மட்டும் தேவைப்படுகிற நோயாளிகள் நிறைய, அவர்களுக்கு உதவும். வெறிநாய்க்கடி, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ், ரத்தப் புற்றுநோய், ரத்தத்தில் பரவிய தொற்று, இவையெல்லாம் இருந்தால் எடுக்க மாட்டோம்.

சுண்டெலி:
உடல் தானமும் எழுதி வச்சிருக்காங்க பாட்டி, மருத்துவக் கல்லூரிக்கு. ரெண்டும் முடியுமா? அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா எடுப்பீங்களா?

இரவுப்பணி:
பொதுவாக முடியும். கண் எடுத்த உடலைக் கல்லூரிகள் வாங்கிக்கொள்வது வழக்கம், ஆனால் அந்தக் கல்லூரியில் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இரண்டு போன் போட வேண்டியிருந்தால் முதலில் கண் வங்கி. உடலுக்கு அவகாசம் இருக்கிறது, கண்ணுக்கு இல்லை. விபத்து, போலீஸ் கேஸ் என்றால் விசாரணை அதிகாரியின் அனுமதி வேண்டும், அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு எடுப்போம். என் பெயரைப் பாருங்கள். எடுத்ததும் எத்தனை மணிக்கு உயிர் போனது, வயது என்ன, எப்படி இறந்தார், விலாசம் என்ன என்று கேட்போம். அழுதுகொண்டே சொன்னாலும் புரியும், அவசரப்படுத்த மாட்டோம். வாசலில் விளக்கைப் போட்டு வையுங்கள், வீட்டைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு நேரம் போகும். பாட்டியிடம் கேட்டு, கூப்பிடப்போவது யார் என்று இப்போதே ஒருவரை முடிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் என்றால் நீங்கள், ஆனால் அது உங்கள் அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.